சிலோன் ரோட்டு துபாஷி

சாங்கி பாயின்ட் படகுத்துறையில் பம்போட் கிளம்புவதற்கு நேரம் காலம் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும், சேராவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். அன்று காலை ஒன்பது பேர்தான் சேர்ந்திருந்தோம். புலாவ் உபினில் சைக்கிள் மிதிக்கப் போகும் ஒரு குடும்பம், தூண்டிலும் ஐஸ்பெட்டியுமாக இரண்டு சீனப் பெரியவர்கள், கையில் தே-ஓ பொட்டலத்தோடு ஒரு தமிழ்ப் பெரியவர், நான். தலைக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு ஒரு விமானம் இறங்கியது. அதன் இரைச்சல் அடங்குவதற்குள் பின்னாலேயே இன்னொன்று.

பெரியவருக்குப் பொறுமை போய்விட்டது. படகுக்காரரைப் பார்த்து, "லாஜு சிக்கிட்லா!" என்றார். மலாயில் லாஜு என்றால் வேகம். சொன்ன கையோடு அவரே சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இந்த வார்த்தையச் சொன்னாலே எனக்கு அந்தப் பழைய கேஸ்தான் ஞாபகம் வரும் தம்பி. எழுபத்திநாலு. நான் அப்போ கப்பல் பட்டறையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. ரேடியோவ வச்சுக்கிட்டு எட்டு நாள் உட்கார்ந்திருந்தோம். நம்ம நாதன் ஐயா போனாரே, அது!"

அதைப் பற்றி எழுதத்தான் நான் சாங்கிக்கு வந்திருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைப் பேச விட்டிருக்க மாட்டார்.

1974 ஜனவரி 31. சிங்கப்பூரின் தெற்கே உள்ள புலாவ் புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. நாட்டின் முதல் சுத்திகரிப்பு ஆலை அதுதான். 1961-லிருந்து ஓடுகிறது. அங்கே நான்கு பேர் இயந்திரத் துப்பாக்கிகளோடும் வெடிபொருள்களோடும் போய் இறங்கினார்கள். இரண்டு பேர் ஜப்பானியச் செம்படையினர். இரண்டு பேர் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர்கள். தென் வியட்நாமுக்குப் போகும் எண்ணெயைத் தடுப்பது அவர்கள் போட்ட திட்டம். வைத்த வெடிகளில் சில வெடித்தன. எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சேதம், ஆனால் ஆலை நிற்கவில்லை, யாரும் சாகவும் இல்லை. தப்பிக்க வழி பார்த்தவர்களுக்குத் துறையில் நின்ற ஒரு பயணிப் படகு கண்ணில் பட்டது. அதன் பெயர் லாஜு. ஐந்து ஊழியர்களையும் பிணை பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள்.

பெயரில் இருந்த வேகம் படகில் இல்லை. கடற்படைப் பீரங்கிப் படகுகளும் கடலோரக் காவல் படகுகளும் விரட்டிப் போய், கிழக்கே எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிடும் இடத்தில் லாஜுவை வளைத்துக்கொண்டன. அங்கேயே அது நின்றது. பிணைகளில் இருவர் இடையில் தப்பிவிட்டார்கள். மீதி மூவரும் துப்பாக்கி முனையில். பேச்சு நடந்துகொண்டே இருந்தது.

அந்தப் பேச்சின் மையத்தில் இருந்தவர்களில் ஒருவர், தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவுக்கு இயக்குநராக இருந்த செல்லப்பன் ராமநாதன். எஸ். ஆர். நாதன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். அப்போது அவருக்கு வயது 49.

பிப்ரவரி 6 அன்று விவகாரம் சிங்கப்பூரின் கையை மீறியது. குவைத்தில் இருந்த ஜப்பானியத் தூதரகத்தை ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டது. தூதரும் பிணை. லாஜுவில் இருக்கும் எங்கள் ஆட்களைக் குவைத்துக்கு அழைத்து வர ஜப்பான் விமானம் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பிணைகளைக் கொல்வோம் என்றார்கள். ஜப்பான் விமானம் அனுப்பியது. ஆனால் படகில் இருந்த நால்வரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு விமானம் ஏற வேண்டுமானால், நடுவழியில் யாரும் தங்களை மடக்க மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் வேண்டுமே? அந்த உத்தரவாதம் காகிதத்தில் எழுதித் தரக்கூடியதாக இல்லை. மனிதர்களாகத்தான் தர முடியும். நாதன் தலைமையில் 13 சிங்கப்பூர் அதிகாரிகள் அந்த விமானத்தில் ஏறினார்கள். அரசு அதிகாரிகளும் ராணுவக் கமாண்டோக்களும் கலந்த குழு அது.

பிப்ரவரி 8 அதிகாலையில் பாய லேபார் விமான நிலையத்திலிருந்து கிளம்பினார்கள். சாங்கி விமான நிலையம் அப்போது இல்லை. அதை இங்கே கட்டலாம் என்ற முடிவே 1975-ல்தான் வந்தது. முதல் விமானங்கள் இறங்கியது 1981 ஜூலையில். இன்று நாம் கைப்பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்கும் தரையில் பெரும்பகுதி அன்று கடல்.

குவைத்தில் இறங்கிய பிறகும் விஷயம் சுலபமாக முடிந்துவிடவில்லை. கடைசியில் லாஜு ஆட்களும் தூதரகத்தைப் பிடித்தவர்களும் அதே விமானத்தில் ஏடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சிங்கப்பூரர்கள் 13 பேரும் பிப்ரவரி 9-ல் ஊர் திரும்பினார்கள். அந்த ஆண்டே நாதனுக்குச் சிறப்புச் சேவைப் பதக்கம் கிடைத்தது.

உளவுப் பிரிவின் தலைவரையே பிணையாக அனுப்புவதா என்று இன்று கேட்கத் தோன்றும். ஓர் உளவு அதிகாரியின் தலைக்குள் இருக்கும் ரகசியங்களை நினைத்தால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் அவரை அனுப்பியது அவர் வகித்த பதவிக்காக அல்ல, அவர் கற்று வைத்திருந்த ஒரு வேலைக்காக என்றுதான் எனக்குப் படுகிறது. அது ஆத்திரத்தில் இருக்கும் இரண்டு தரப்புக்கு நடுவே போய் உட்கார்ந்து, இவன் சொல்வதை அவனுக்கும் அவன் சொல்வதை இவனுக்கும் புரிய வைக்கிற வேலை. நம் பழைய மொழியில் அதற்கு ஒரு சொல் உண்டு. துபாஷி.

துபாஷி என்றதும் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குப் பக்கத்தில் நின்ற ஆனந்தரங்கப் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். இரண்டு பாஷை தெரிந்தவன், இரண்டு பக்கமும் நம்புகிற, அதே காரணத்துக்காக இரண்டு பக்கமும் கொஞ்சம் சந்தேகப்படுகிற ஆள். பிள்ளை பணக்காரர், பட்டும் பல்லக்குமாக வாழ்ந்தவர். நாதனின் துபாஷித்தனம் பசியில் தொடங்கியது.

1924 ஜூலை 3-ல் சிங்கப்பூரில் பிறந்தவர் நாதன். அப்பா செல்லப்பன் வக்கீல் குமாஸ்தா. ரப்பர்த் தோட்டங்களுக்குச் சட்ட வேலை பார்த்த ஒரு நிறுவனத்துக்காக ஜொகூரில் உள்ள மூவார் ஊருக்குக் குடும்பத்தோடு போனார். முதலில் நல்ல வாழ்க்கை. பிறகு 1930-களின் பெருமந்தம். ரப்பர் விலை படுத்தது, கடன் ஏறியது. மகனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா தற்கொலை செய்துகொண்டார். அம்மா அபிராமி பிள்ளைகளோடு சிங்கப்பூர் திரும்பினார். வாடகை வீடு, உறவினர் தயவு, இடம் மாறி மாறிப் பள்ளிக்கூடம். படிப்பு பாதியில் நின்றது. பதினாறு வயது வாக்கில் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டே ஓடினார். மீண்டும் மூவார்.

அங்கே இருந்தபோது ஜப்பானியர் வந்தார்கள். இளைஞர் நாதன் ஜப்பானிய மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டு, ஜப்பானியச் சிவில் காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளரானார். பின்னாளில் அதைச் சொல்லி முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர் அதை மறைக்கவில்லை, 2011-ல் வெளிவந்த தன் வாழ்க்கை நூலில் எழுதினார். ஆக்கிரமிப்புக் காலத்து மொழிபெயர்ப்பாளனின் நிலையை நினைத்துப் பாருங்கள். எதிரே நிற்பவன் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னாலும் உயிர் போகும். அதிகாரியின் வார்த்தையை நீங்கள் தவறாகச் சொன்னாலும் உயிர் போகும். இரண்டு வாக்கியத்துக்கு நடுவே கிடைக்கும் ஒரு மூச்சு இடைவெளியில் எதை அழுத்துவது, எதை விழுங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். அவருடைய முதல் ராஜதந்திரப் பாடசாலை அதுதான். சான்றிதழ் தராத பாடசாலை.

மூவாரில் இன்னொன்றும் நடந்தது. உர்மிளா என்ற வங்காளிப் பெண்ணைப் பார்த்தார். பதினாறு ஆண்டு காத்திருந்து 1958-ல்தான் கல்யாணம். பேச்சுவார்த்தையில் பொறுமை என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்!

போர் முடிந்ததும் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வியல் பட்டயம், 1954, சிறப்புத் தேர்ச்சி. முப்பது வயதில் கையில் கிடைத்த அந்தக் காகிதத்தை வைத்து 1955-ல் மருத்துவ சமூகப் பணியாளராகச் சேர்ந்தார். படுக்கையில் இருக்கும் நோயாளி வீட்டுக்குப் போக மாட்டேன் என்பான். வீட்டில் இருப்பவர்கள் அவன் வர வேண்டாம் என்பார்கள். டாக்டருக்குக் கட்டில் காலியாக வேண்டும். நடுவில் இவர். அடுத்த ஆண்டே மாலுமிகள் நல அதிகாரி. கப்பல் கிடைக்காமல் துறைமுகத்தில் காத்துக் கிடக்கும் மாலுமிகள், அவர்களுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிச் சம்பளத்தில் பங்கு பிடுங்கும் தரகர்கள், கையைக் கழுவிவிடும் கப்பல் நிறுவனங்கள். இங்கும் நடுவில் இவர்தான். அந்த மாலுமிகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே பின்னாளில் எழுதினார் என்றால் அந்த ஆண்டுகள் அவருக்குள் எவ்வளவு ஆழத்தில் கிடந்தன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1961-ல் தொழிற்சங்கங்கள் இரண்டாக உடைந்தன. இடதுசாரிகள் ஒரு பக்கம், மக்கள் செயல் கட்சிக்கு நெருக்கமான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் மறுபக்கம். அந்தக் காங்கிரசுக்குக் கணக்கும் வாதமும் தயாரித்துக் கொடுக்க 1962-ல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவு தொடங்கியது. நாதன் அங்கே போனார். முதலாளியின் வரவுசெலவு அறிக்கையைப் படித்து, இதில் இவ்வளவு லாபம் இருக்கிறது, இவ்வளவு கூலி கொடுக்க முடியும் என்று நடுவர் மன்றத்தில் தொழிற்சங்கம் வாதாட ஆவணம் தயாரிக்கும் வேலை. மேடையில் முழங்குகிறவர்கள் வேறு. இவர் பின்னால் கோப்பு பார்க்கிறவர். பிறகு அந்தப் பிரிவுக்கே இயக்குநரானார்.

1966 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சு. நாடு பிறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சிட்டி ஹாலில் சில அறைகள், கைவிட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள், அமைச்சராக எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்து, லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் பத்திரிகையாளராகத் திரும்பியவர் அவர். ஒரு பத்திரிகைக்காரரும் ஒரு சமூகப் பணியாளரும் சேர்ந்து ஒரு நாட்டின் வெளியுறவைத் தொடங்கினார்கள். இரண்டு பேரும் தமிழர் என்று நமக்குப் பெருமையாக இருக்கலாம். அந்த அறையில் அது யாருக்கும் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அவர்களுக்கு இருந்த தலைவலி வேறு.

அந்தத் தலைவலிகளில் ஒன்று சாங்கியில் முடிந்தது. 1965 மார்ச் 10-ல் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். வைத்தவர்கள் இந்தோனேசியக் கடற்படையினர் இருவர், உஸ்மான், ஹாருன். இந்தோனேசியா நம்மோடு மோதிக்கொண்டிருந்த காலம் அது. மோதல் 1966-ல் ஓய்ந்தது, அதிபர் சுகர்னோ போய் சுகார்த்தோ வந்தார். தண்டனையைக் குறைக்கும்படி சுகார்த்தோவே கேட்டுப் பார்த்தார். சிங்கப்பூர் அசையவில்லை. 1968 அக்டோபர் 17-ல் சாங்கிச் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஜகார்த்தாவில் நம் தூதரகத்தை மாணவர் கூட்டம் சூறையாடியது.

நாதன் அப்போது வெளியுறவு அமைச்சில் இருந்தார். பெரிய பக்கத்து நாட்டுக்குப் பணிந்தால் நாளை யாரும் மதிக்க மாட்டார்கள். பணியாவிட்டால் நாளை யாரோடு வியாபாரம் செய்வது? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த அமைச்சு வளர்ந்தது. கசப்பு தீர ஐந்து ஆண்டு ஆயிற்று. 1973-ல் ஜகார்த்தா போன பிரதமர் லீ குவான் யூ அந்த இருவரின் கல்லறைகளில் பூத் தூவினார். யோசனை தூதர் லீ கூன் சோயுடையது. சாங்கியில் எடுத்த முடிவுக்காக மன்னிப்பும் கேட்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு கைப்பிடிப் பூ போதுமாக இருந்தது. ஆனாலும் இப்படிப்பட்ட கணக்கு முழுசாகத் தீர்ந்துவிடுவதில்லை. 2014-ல் இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு அந்த இருவரின் பெயரை வைத்தபோது சிங்கப்பூரில் பழைய தழும்பு மறுபடி வலித்தது.

1967 ஆகஸ்ட்டில் பேங்காக்கில் ஐந்து அமைச்சர்கள் கூடி ஆசியான் அமைப்பைத் தொடங்கியபோது ராஜரத்தினத்தின் குழுவில் நாதன் இருந்தார். 1971-ல் உள்துறை, பிறகு தற்காப்பு அமைச்சு, இடையில் லாஜு. 1979-ல் வெளியுறவு அமைச்சுக்கே முதல் நிரந்தரச் செயலாளராகத் திரும்பினார். வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் புகுந்து ஆட்சியை மாற்றுவதை ஒத்துக்கொண்டால் நாளைக்கு நம் கதி என்ன என்பது சிங்கப்பூரின் பயம். ஐக்கிய நாடுகளிலும் அணிசேரா நாடுகளின் மாநாட்டிலும் ஓட்டு ஓட்டாகச் சேர்த்தார்கள். வியட்நாம் விரட்டிய போல் பாட்டின் கொடுங்கோல் ஆட்சிக்குத்தானே அதனால் ஐ.நா. நாற்காலி மிஞ்சியது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் எனக்கு முழுத் திருப்தி தந்ததில்லை.

1982-ல் ஓய்வு பெறும் வயதில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகைக் குழுமத்துக்குச் செயல் தலைவர் ஆக்கினார்கள். முன்னாள் உளவுத் தலைவரைச் செய்தி அறைக்கு மேலே உட்கார வைத்தால் செய்தியாளர்கள் முகம் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பத்திரிகை ஒரு பீங்கான் கிண்ணம் மாதிரி, உடைந்தால் ஒட்டலாம், பழையபடி ஆகாது என்று லீ குவான் யூ சொல்லி அனுப்பியதாக நாதனே பதிவு செய்திருக்கிறார். ஆறு ஆண்டு இருந்தார். கிண்ணம் உடையவில்லை. அதில் ஊற்றப்பட்டது என்ன என்று பத்திரிகைக்காரர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே காலத்தில், 1983 முதல் 1988 வரை, இந்து அறக்கட்டளை வாரியத்துக்கும் அவர்தான் தலைவர். தீமிதிக்குச் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு விடியுமுன் நடந்திருக்கிறீர்களா? எந்தத் தெருவை எப்போது அடைப்பது, எத்தனை பேரை எந்த வரிசையில் விடுவது என்று ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் நேர்த்திக்கடன்காரர்கள், நடுவில் வாரியம். தேக்கா காப்பிக் கடையில் இன்னமும் எழுபதைத் தாண்டிய ஆட்களைப் பிடித்தால் நாதனைத் தூதராகவோ அதிபராகவோ சொல்வதற்கு முன்னால் கோயில் தலைவராகத்தான் சொல்வார்கள். 1991-ல் இந்தியர் மேம்பாட்டுக்காகச் சிண்டா அமைந்தபோது அதன் தொடக்க அறங்காவலர்களில் அவரும் ஒருவர்.

1988-ல் மலேசியாவுக்குத் தூதர். இஸ்ரேல் அதிபர் ஹெர்சாக் 1986-ல் சிங்கப்பூர் வந்து போனதில் எழுந்த கோபம் அங்கே இன்னும் ஆறவில்லை. தான் வளர்ந்த நாட்டுக்கே அந்நிய நாட்டுத் தூதராகப் போவது ஒரு விசித்திரமான அனுபவமாகத்தான் இருந்திருக்கும். 1990-ல் வாஷிங்டன். ஆறு ஆண்டு.

வாஷிங்டன் என்றால் மைக்கேல் ஃபே. கார்களில் சாயம் பூசிச் சேதப்படுத்திய வழக்கில் 18 வயது அமெரிக்கப் பையனுக்கு 1994 மார்ச்சில் நான்கு மாதச் சிறை, 3,500 வெள்ளி அபராதம், ஆறு பிரம்படி. அதிபர் கிளின்டன் வேண்டுகோள் விடுத்தார். ஆறு நான்காகக் குறைந்தது. மே 5-ல் அடி விழுந்தது. காட்டுமிராண்டித்தனம் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஊரிலும் இப்படி நாலு அடி போட்டால் தேவலை என்று சாதாரண அமெரிக்கர்கள் பலர் பேசினார்கள். தூதரின் வேலை இந்த இரண்டு குரலுக்கும் நடுவே நிற்பது. இதில் கவனிக்க வேண்டியது அந்தக் குறைப்பு. ஆறை ஆறாகவே வைத்திருந்தால் வல்லரசின் அதிபரை மதிக்கவில்லை என்றாகும். அடியே வேண்டாம் என்றால் அமெரிக்கப் பையனுக்கு ஒரு சட்டம், நம் பையனுக்கு ஒரு சட்டம் என்றாகும். நான்கு என்ற எண் துபாஷியின் கணக்கு. ஆனால் அடி வாங்கிய பையனுக்கு அது வெறும் எண் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் பிலிப்பீன்ஸ் பணிப்பெண் ஃபுளோர் கொன்டெம்ப்ளாசியோன் இதே சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்பட, மணிலா கொதித்தது. அது நாதனின் கோப்பு அல்ல. இருந்தாலும் சாங்கி என்ற பெயரை உலகம் விமான நிலையமாக மட்டும் அறிந்திருக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

1999-ல் அதிபர் பதவிக்கு ஆள் தேடினார்கள். நாதனுக்கு வயது 75. வேறு யாருக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைக்காததால் ஆகஸ்ட் 18-ல் போட்டியின்றித் தேர்வானார். 2005-லும் அப்படியே. பன்னிரண்டு ஆண்டு, சிங்கப்பூர் வரலாற்றிலேயே நீண்ட காலம் இருந்த அதிபர், ஆனால் ஒரு வாக்குச்சீட்டில்கூட அவர் பெயர் அச்சாகவில்லை. இதை அவர்மேல் குற்றமாகச் சொல்ல முடியாது, அந்த ஏற்பாட்டின் மீது சொல்லலாம். நாடாளுமன்ற உறுப்பினராகவும் அவர் இருந்ததில்லை. அரசியல்வாதி என்று அவரை அழைப்பதே ஒரு வகையில் தவறு. கூட்டம் கூட்டிக் கை தட்டல் வாங்கும் கலை அவருக்கு வராது. அவர் விலகவிருந்த 2011 ஆகஸ்ட்டில் மக்கள் உண்மையிலேயே ஓட்டுப் போட்டார்கள். டான் என்ற குடும்பப் பெயருடைய நான்கு பேர் மோதி, டோனி டான் ஏழாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் வந்தார். 2023-ல் தர்மன் சண்முகரத்னம் 70 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். தமிழர் ஒருவர் மக்கள் ஓட்டில் அந்த நாற்காலிக்கு வர முடியும் என்பது அப்போது தெரிந்துபோயிற்று. நாதனுக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதிபருக்குச் சிங்கப்பூரில் ஒரு இரண்டாவது சாவி உண்டு. முந்தைய அரசுகள் சேர்த்து வைத்த கையிருப்பில் அரசாங்கம் கை வைக்க வேண்டுமானால் அவர் சம்மதிக்க வேண்டும். 2009 தொடக்கத்தில், உலகப் பொருளியல் சரிந்துகொண்டிருந்தபோது, வேலைகளைக் காப்பாற்ற 490 கோடி வெள்ளி வேண்டும் என்று அரசு கேட்டது. அந்தச் சாவி அதுவரை திரும்பியதே இல்லை. நாதன் திருப்பினார். கடைசியில் செலவானது சுமார் 400 கோடி. அது 2011-ல் கையிருப்பிலேயே திரும்ப வைக்கப்பட்டது. ரப்பர் விலை விழுந்து அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளை, வேலை போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது.

அதிபர் ஆனபோதும் அதிபர் மாளிகையான இஸ்தானாவில் குடியேறவில்லை. கட்டோங் பக்கம் சிலோன் ரோட்டில் தன் வீட்டிலேயே இருந்தார். செண்பக விநாயகர் கோயில் இருக்கும் அதே ரோடு. யாழ்ப்பாணத்தார் கட்டிய கோயில், மாலையில் மணிச்சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

2016 ஆகஸ்ட் 22-ல் காலமானார், வயது 92. 26-ஆம் தேதி அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்ச்சி. பிரதமர், அமைச்சர்கள், வெளிநாட்டுப் பிரமுகர்கள் நிறைந்த அந்தப் பல்கலைக்கழக அரங்கில் திடீரென்று ஒரு தமிழ் சினிமாப் பாட்டு ஒலித்தது. சேரன் இயக்கிய 'பொற்காலம்' படத்தில் வரும் பொம்மைப் பாட்டு. பல ஊர் மண்ணைக் கொண்டுவந்து குழைத்து ஒரு பொம்மை செய்கிற குயவனைப் பற்றியது. அது அவருக்குப் பிடித்த பாட்டு. அன்று இரவு என் சீன நண்பர் ஒருவர் கைப்பேசியில் கேட்டார், அது பக்திப் பாடலா என்று. இல்லை, காதல் பாட்டு, ஒரு குயவன் பாடுவது என்றேன். ஏன் அதைப் போட்டார்கள் என்று கேட்டார். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. செத்த பிறகும் மனிதர் மொழிபெயர்க்க வைத்துவிட்டார்.

பன்னிரண்டாவது ஆள் வந்துவிட்டார், ஒரு பள்ளிப் பையன், தோளில் கிட்டார். பம்போட் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. பெரியவர் தே-ஓவை உறிஞ்சியபடி தெற்குப் பக்கம் கை காட்டினார். கரை வளைந்து மறைவதால் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

"அந்தாண்டதான் தம்பி அந்தப் படகு நின்னது. பெடோக் தாண்டி. அவரு அதிபரா இருந்தப்பகூட ஈஸ்ட் கோஸ்ட்ல காலைல நடப்பாரு. நானே ரெண்டு தடவ பார்த்து வணக்கம் வச்சிருக்கேன்."

"என்ன சொன்னார்?"

"என்ன சொல்வாரு? 'சாப்டீங்களா'ன்னாரு. அப்புறம் கடலப் பார்த்துக்கிட்டே நடந்து போய்ட்டாரு."